காட்டில் விட்டுவந்த மச்சான்

ஒரு கொலைகாரருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் முதலில் நம்பினேன். யாங்கோன் வட்ட ரயில் மிங்கலாடோனைத் தாண்டியபோது, எதிர் இருக்கைப் பெரியவர் தன் மனைவியிடம் தமிழில் சொன்னார்:

"உன் அண்ணனைக் காட்டுலயே விட்டுட்டு வந்துட்டேனே!"

குடையைக் கேடயம்போல் மார்போடு பிடித்துக்கொண்டேன். அது கம்பி உடைந்த குடை.

"அந்த நேரத்துல கோழிக்கறி கேட்டுச்சோ?" என்றாள் மனைவி.

கொன்றுவிட்டு விருந்தும் தின்றிருக்கிறார்!

"பசிடி. தின்னதும் கண்ணசந்துட்டேன்."

"அண்ணன் மழையில கொடியும் கையுமா உக்காந்திருக்கு, கூட்ஸ் டிரைவர் ஐயா குறட்டை விடுறாரு!"

"நீயாவது திட்டுறே. அவர் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரே."

மடியிலிருந்த தேயிலை ஊறுகாய்ப் பொட்டலத்தை அவள் தட்டிக் காட்டினாள். "இந்த லப்பெயை முன்னால வைங்க. அண்ணன் ஒரு வாய் எடுத்துட்டா சமாதானம்."

"எடுக்கலன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் வீட்டுக்கு இறங்க வேண்டிய தாமுவே ஸ்டேஷன் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினாள்.

அவர்கள் பேச்சிலிருந்து நான் அறிந்தது இவ்வளவுதான். காட்டு லைன் ஏற்றத்தில் எஞ்சின் திணறியதால், மரம் ஏற்றிய வேகன்களில் பாதியைக் கழற்றி, காவலுக்குக் கார்டான மச்சானை விட்டுவிட்டு, மீதியை இவர் மேலே இழுத்துப் போயிருக்கிறார். உடனே திரும்பியிருக்க வேண்டியவர் ஸ்டேஷனில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். வேகன்களை விட்டுக் கார்டு நகரக்கூடாது. மச்சான் நகரவில்லை. கடைசியில் வேறொரு டிரைவர்தான் போய் அவரை அழைத்து வந்தார்.