சாம்பல் மனிதனுக்குள் இருந்தவர்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்புமிகு திரு. நட்டல் அவர்களே! லீட்ஸ் நகரத்து அடைமழையையும் அலட்சியம் செய்து வந்து, 'சாம்பல் நிலவு' என்னும் தொலைக்காட்சித் தொடரை முப்பத்து நான்கு ஆண்டுகளாக நெஞ்சில் ஏந்தி நிற்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் பிஞ்சு முகங்களில் சாம்பல் நிறம் பூசி அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கறுப்புக் கோட்டோடு அமர்ந்திருக்கும் என் சகோதரி ஈனிட் அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் மேவிஸ் கிளெக். அந்தத் தொடருக்கு உடை தைத்தவள்.

பின்னால் யாரோ சாம்பல் மனிதனைப் போல இருமிக் காட்டுகிறீர்கள். இருக்கட்டும் தம்பி, உங்கள் மீது குற்றமில்லை. அந்த இருமல் யாருடையது என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே!

அது வில்ஃப் ஆர்க்ரைட்டின் இருமல். பிராட்ஃபோர்டில் பேருந்து நடத்துநர். ஆறடி ஐந்து அங்குலம். அந்த உயரத்துக்காகவே எங்கள் சாம்பல் மனிதன் என்னும் பூதத்தின் தோலுக்குள் புகுத்தப்பட்டவர்.

செத்துப்போன நிலவுக்குச் சாம்பல் வேண்டாமா? காட்சிக்கு இரண்டு மூட்டை வரும். பஞ்சு போன்ற சாம்பல் நிறத் தூள். ராட்சதக் காற்றாடியின் முன் கொட்டுவார்கள். அரங்கமே மங்கும். வில்ஃப் ஒரு நாள் தூசிக்கு முகமூடி கேட்டார். இயக்குநர் சொன்னார்: "உனக்குத்தான் தலைக்கு மேல இன்னொரு தலை இருக்கே, முகமூடி எதுக்குய்யா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அன்பர்களே. நானும்தான்!

மூன்றாம் பகுதியில், படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வில்ஃபுக்கு இருமல் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். இயக்குநரோ துள்ளி எழுந்தார். "அதேதான் வேணும். திரும்பச் செய்." பதினோரு முறை செய்தார். அடுத்த திங்கட்கிழமை, நாட்டின் பள்ளிக்கூட முற்றமெல்லாம் அந்த இருமல். பிறகு எல்லாப் பகுதிகளிலும் அது எழுதப்பட்டது. எழுதியதை நடித்தார் என்றா எண்ணினீர்கள்? எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை!

மாலைதோறும் அந்த உடையைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுப் பிரம்பால் தூசி தட்டுவேன். வில்ஃப் தேநீரோடு வந்து நிற்பார். "நான் உள்ள இல்லாத நேரமாப் பார்த்து அடிக்கிறீங்களே மேவிஸ், புண்ணியமாப் போகும்" என்பார்.

போன ஆண்டு மருத்துவர் சொன்னார்: நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்று, கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசி தந்த புற்று. மாடிப் பேருந்தின் படிகளைத் தாவி ஏறியவரால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. அவர் மனைவி ஈனிட் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க கண்ணால பார்த்தவங்க. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மேவிஸ். அது போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எதற்கு யோசனை? இந்த மேடைக்காக! இந்தக் கைதட்டலுக்காக! தனிக்கட்டை நான்; ஆண்டுக்கொரு முறை நீங்கள் என்னைக் கொண்டாடுகிறீர்கள். அதை இழக்க அஞ்சினேன். நான்கு மாதம் யோசித்தேன். ஐந்தாம் மாதம் வில்ஃப் இறந்துபோனார்.

மரண விசாரணைக்குப் போனேன். தூள் வாங்கியதற்குப் பதிவில்லை என்றார் தொலைக்காட்சி நிறுவனத்தின் வழக்கறிஞர். தொடரின் நாடாக்களோ எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. அவர் என்னிடம் கேட்டார்: "நீங்க தையல்காரம்மா. அது கல்நார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தைக்கிறவதாங்க. ஆனா படிக்கத் தெரியும். மூட்டையிலயே எழுதியிருந்துச்சு."

"அப்போ இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

கைப்பையிலிருந்த மருத்துவமனைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதே நோய். பெயர் மட்டும் வேறு: மேவிஸ் கிளெக்.

வேண்டாம், 'அச்சச்சோ' வேண்டாம் அம்மா. உட்காருங்கள்.

தொழிலால் வந்த மரணம் என்று தீர்ப்பு எழுதினார்கள். வெளியே வந்ததும் ஈனிட் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. "அவர் இருக்கும்போதே வந்திருக்கலாம், மேவிஸ்." அவ்வளவுதான். அந்தத் தீர்ப்புக்கு எந்த மன்றத்தில் மேல்முறையீடு செய்வேன் நான்?

தொடரை வெறுக்கச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றே. மூட்டை சுமந்தவர்கள் எங்கே? அரங்கைக் கூட்டியவர்கள் எங்கே? அவர்களின் சட்டைகளை உதறித் துவைத்த மனைவிமார் எங்கே? ஒரு நிமிடப் படத்துக்காக ஓராயிரம் முறை அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் எங்கே? இந்த அவையில் இருந்தால், என்னைப்போல் யோசிக்காதீர்கள்! இன்றே ஈனிட்டிடம் பெயர் கொடுங்கள்! நாளையே மருத்துவரைப் பாருங்கள்!

யார் அது, தூணருகே? ஐயா, சத்தமாகச் சொல்லுங்கள். அவையோர் அமைதி காக்க வேண்டும்.

"என் பேரு டெனிஸ்ங்க. அந்தக் காத்தாடிய ஓட்டுனது நான்தான்."

ஈனிட், உங்கள் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுங்கள். டெனிஸ், அவரிடம் போய் உட்காருங்கள், அவர் கடிக்கமாட்டார்.

கசப்பைப் பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.