மூன்றாம் மூட்டையில் நின்ற கால்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மணியக்காரர் வெங்கடாசலம் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, கைக்குழந்தையோடு பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, நாளை போர்முனைக்குப் புறப்படும் பட்டாளத்துத் தம்பிமார்களே, அத்தனை பேருக்கும் மோகனூர் குமாரசாமி வீட்டுச் சௌந்திரத்தின் பணிவான கும்பிடு!

பள்ளிக்கூடத்துப் படி மிதியாதவள் நான். முருகன் பாடல்களை எழுத்துக்கூட்டியே தமிழ் கற்றவள். பேச்சில் பிழை வந்தால் பொறுத்தருளுங்கள். என் பிழை ஒன்றைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்!

சென்ற ஆடிக் கிருத்திகையன்று நம் மேட்டுக்காட்டில் அமெரிக்கப் பட்டாளத்தார் பேஸ்பால் ஆடினார்களே, மறப்பீர்களா? பக்கத்துக்கு ஒன்பது பேர். அத்தனை பேரும் போருக்கு முன் சம்பளத்துக்கு ஆடியவர்களாம். பந்தாடுவதே ஒரு பிழைப்பா என்று கந்தம்மாள் வாயைப் பிளந்தாள். அதோ, இப்போதும் சிரிக்கிறாள்! கட்டையால் பந்தை அடித்துவிட்டு, தரையில் கிடக்கும் மூன்று மூட்டைகளையும் வரிசையாக மிதித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஓர் ஓட்டம் சேரும் என்று துரைமார் பேச்சைத் தமிழாக்கிச் சொல்லச் சேலத்திலிருந்து வந்த துபாசி கஸ்பார் அண்ணன் விளக்கினார்.

அந்த மூட்டைகளைக் கேட்டுத் துரைமார் வந்தது என் வீட்டுக்கு. கோவிலுக்குக் கிளம்பிய அவசரத்தில், சுவரோரத்து வெள்ளை மூட்டைகளைக் கைகாட்டிவிட்டுப் போனேன். இரண்டில் உமி. மூன்றாவதில்? விதை நெல்! மழை பொய்த்த ஆண்டில் மூன்று குடும்பங்கள் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து, வேப்பிலை போட்டு, என்னை நம்பி ஒப்படைத்த விதை நெல்! நம் ஆள் தூக்கியிருந்தால் கனத்திலேயே கண்டுகொண்டிருப்பான். தூக்கியவர்கள் துரைமார். அவர்களுக்கு உமி ஏது, நெல் ஏது?

திருநீறு நெற்றியோடு நான் வேடிக்கை பார்க்க வந்தபோது கடைசிச் சுற்று. ஓர் ஓட்டம் பின்தங்கிய பக்கத்துக்குக் கடைசி ஆள், இதோ மேடையில் அமர்ந்திருக்கும் ஹென்றி துரை. அடித்தார்! பந்து வாய்க்காலைத் தாண்டியது. ஆணி வைத்த பூட்சோடு ஓடினார். முதல் மூட்டை தாண்டினார், இரண்டாம் மூட்டை தாண்டினார். மூன்றாம் மூட்டையைப் பார்க்கிறேன், கிழிந்து கிடக்கிறது. வேப்பிலையோடு நெல் சிந்திக் கிடக்கிறது!

அதுவரை மூடிய மூட்டையை மிதித்தது அறியாப் பிழை. கண்ணுக்குத் தெரிந்த பின்னும் மிதிபட்டால், அதை நாற்றங்காலில் இட எந்தக் குடும்பம் கை நீட்டும்? வேறு விதைக்கு எங்கே போவோம்? ஆட்டத்துக்கு நடுவே ஓடினேன்.

"மிதிச்சுறாதீங்க சாமி! வெதை நெல்லுங்க!"

அவருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. கூப்பிய கையைப் பார்த்தார், சிந்திய நெல்லைப் பார்த்தார். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். எதிராளி பந்தோடு வந்து அவரைத் தொட்டுவிட்டான். மூட்டையை மிதிக்குமுன் அப்படித் தொட்டுவிட்டால் ஆள் வெளியேறிவிட வேண்டுமாம்.

யார் ஜெயித்தது என்று பின்னால் யாரோ கேட்கிறீர்கள். இவர் தோற்றார், ஐயா! கூட்டாளிகள் கத்தினார்கள். இவர் பூட்சைக் கழற்றினார். மண்டியிட்டு, தம் தொப்பியில் மணி மணியாகப் பொறுக்கினார். ஏன் என்று விசாரித்த கஸ்பார் அண்ணன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அவரும் குடியானவர் ஊட்டுப் புள்ளைதாங்க அக்கா. வெதையை மிதிச்சா அவங்கப்பன் அன்னிக்குச் சோறு போடமாட்டாராம்."

தாய்மார்களே! கடல் கடந்தாலும் நெல்லின் அருமை மாறுமா? மொழி மாறினாலும் குடியானவன் மனம் மாறுமா? அந்த விதைதான் நாற்றாகி, நடவாகி, இந்தத் தையில் மூன்று குடும்பத்து நெற்குதிர்களையும் நிறைத்திருக்கிறது!

ஹென்றி தம்பி, அன்று நெல்லோடு நீங்கள் தந்த தொப்பி என் வீட்டிலேயே தங்கிவிட்டது. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இதோ, புது நெல் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். கஸ்பார் அண்ணா, இதை மட்டும் ஒரு சொல் குறையாமல் சொல்லுங்கள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப விடாமல் அன்று மறித்தவள் நான். இனி எதுவும் உங்களை மறிக்கக் கூடாது. போர் முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே, உங்கள் அம்மாவின் வாசலுக்கே நீங்கள் திரும்பும்வரை கிருத்திகைதோறும் முருகனுக்கு விளக்கேற்றுவேன்.

பொறுமையாகக் கேட்ட சபையோருக்கு என் நன்றி, என் வணக்கம். தம்பிக்கு ஒரே ஒரு சொல்: போயிட்டு வாங்க, சாமி.