படத்தில் இல்லாத டியூப்

– டியூப் எங்க சித்தப்பா?

– எந்த டியூப்?

– என் தங்கச்சி மூக்குல இருந்த ஆக்ஸிஜன் டியூப். நான் குடுத்த போட்டோல இருந்துச்சு. நீங்க பெருசாக்கி பிரேம் போட்டதுல காணோம்.

– அதுவா. ஸ்டுடியோல சொல்லி எடுக்கச் சொன்னேன்மா. நாளைக்கு இரங்கல் கூட்டம். நம்ம மன்றத்துக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க. ஒரு கண்ணியம் வேணாமா?

– டியூபோட சேத்துக் கன்னத்து மச்சத்தையும் அழிச்சிருக்காங்க. சோப்பு விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி இருக்கா. இவ யாருன்னு எங்கம்மா கேப்பாங்க.

– எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். பட்ட கஷ்டத்தை எதுக்குச் சுவத்துல மாட்டணும்?

– கஷ்டம் குடுத்தது நுரையீரல். டியூப்தான் அவளை உக்கார வச்சுச்சு, சாப்பிட வச்சுச்சு. வீடு பூரா நீளமா கிடக்கும். யாராவது தெரியாம மிதிச்சா அடுப்படியில இருந்து குரல் வரும், ‘யாருப்பா என் மூச்சு மேல நிக்கிறது?’ன்னு.

– நல்ல கிண்டல்காரி. அதையும் பேச்சுல சேத்துக்கறேன். இதைக் கேளு, ராத்திரி எழுதினேன். ‘மூச்சைத் துச்சமென மதித்த வீராங்கனை...’

– நிறுத்துங்க. குளிச்சிட்டு வந்து தலை துவட்டறதுக்குள்ள கட்டில்ல நாலு தடவை உக்காருவா. ஒவ்வொரு மூச்சையும் கெஞ்சி வாங்கினவ. அவளா துச்சமா மதிச்சா?

– சரி, அதை விடு. அடுத்த வரி. ‘நோயைச் சிரித்தே வென்றவள்.’

– வெல்லலை சித்தப்பா. தோத்துட்டா. அதனாலதான் கூட்டம் போடறீங்க.

– உன்கிட்ட மனுஷன் பேச முடியாது. மேடைப் பேச்சுக்குன்னு ஒரு நடை இருக்கும்மா.

– உங்க அறுபதாம் பிறந்தநாளுக்கு குரூப் போட்டோ எடுத்தீங்களே, அங்கயும் இதே கண்ணியம்தான். ‘கழட்டிடும்மா, ஒரு நிமிஷம்தானே’ன்னீங்க. போட்டோகிராபர் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு இழுத்தான். அவ உதடு நீலமாச்சு. நீங்க லிப்ஸ்டிக்கான்னு கேட்டீங்க.

– தெரியாம கேட்டதும்மா. இப்ப பரிகாரமா ஒரு நல்ல காரியம் பண்றேன். அவ ஆக்ஸிஜன் மெஷின் உங்க வீட்டுல சும்மாதானே கிடக்கு? நாளைக்கு மேடையில, என் கையால, ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடலாம்.

– அதுக்கு ‘மாமியார்’னு பேரு வச்சிருந்தா. ராத்திரி பகல் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும், விட்டும் போக முடியாதுன்னு. எடுத்துட்டுப் போங்க. ஒரு ஏழைக்காவது உதவட்டும். ஆனா டியூப் இல்லாத படத்தை மாட்டினா நானும் அம்மாவும் வர மாட்டோம்.

– வராம இருந்தா எப்படி? பேசறவங்க எல்லாம்... இரு, கதவைச் சாத்திட்டு வர்றேன்.

– உள்ள யாரு இருமறது?

– பாப்பாதான். ஏசி ஒத்துக்கல.

– ஏசி ரிப்பேருன்னு நான் வந்ததும் நீங்கதானே விசிறியைக் குடுத்தீங்க?

– அப்ப தூசி.

– என் தங்கச்சிக்கும் தூசின்னுதான் சொன்னீங்க. அண்ணன் குடும்பத்துக்கே பெரிய டாக்டரு நீங்க. உங்க பேச்சைக் கேட்டு எங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போகாம வீடு பூரா ஒட்டடை அடிச்சாரு.

– மெதுவா பேசும்மா. பாப்பாவுக்கு ஒரு இடம் அமையற மாதிரி இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாளைக்குக் கூட்டத்துக்கு வர்றாங்க. சுவத்துல டியூபோட ஒரு படம் தொங்கினா என்ன நினைப்பாங்க? பரம்பரையான்னு கேக்க மாட்டாங்களா?

– ஓகோ. எங்க வீட்டு இழவுல உங்க வீட்டுப் பொண்ணு பாக்கறதா.

– பெத்தவன் கஷ்டம் உனக்குப் புரியாது.

– டாக்டர் என்ன சொன்னார்?

– எந்த டாக்டர்?

– பாப்பாவைக் காட்டின டாக்டர். என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க சித்தப்பா.

– ...அதேதானாம்.

– அவளுக்குத் தெரியுமா?

– சளின்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா தாங்க மாட்டா. நீ வாயைத் திறந்துடாதே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

– அப்பா, கதவைச் சாத்தினா என் இருமல்தான் உங்களுக்குக் கேக்காது, நீங்க பேசறது எனக்குக் கேக்குது. டியூப் இருக்கற படத்தையே மாட்டுங்க. அக்கா, அந்த மாமியாரை நாளைக்கு யாருக்கும் குடுத்துடாதீங்க, எனக்கு வேணும்.