படியில் ஓடிய இரண்டாவது ஆள்

பெயர்: செபஸ்தியாம்பிள்ளை இராஜநாயகம். வயது: 61. தொழில்: துறைமுகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு. முகவரி: கொட்டாஞ்சேனை, மாடிவீடு, கீழ்த்தளம். மேலதிக வாக்குமூலம்.

நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, என்னை இருவர் தாக்கியதாகக் கூறியுள்ளேன். அதைத் திருத்த வந்துள்ளேன். ஏனெனில் அதனால் என் மகள் சாமினிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை றொஹான் இப்போது உங்கள் பொலிஸ் கூட்டுக்குள் இருக்கிறார்.

ஞாயிறு மாலை எங்கள் ஒழுங்கை அந்தோனியார் திருநாள். சொரூபம் சுமக்கும் நால்வரும் வழமைபோல ஒரே துணியில் தைத்த நீலச் சேட் அணிந்திருந்தோம். முன் வலப்பக்கத் தண்டு எப்போதும் என்னுடையது. அதை இம்முறை தான் பிடிக்கப்போவதாக மேல்மாடிச் சந்திரகுமார் எங்கள் படியடியில் வைத்துச் சொன்னார். கட்டையானவர் முன்னுக்குப் பிடித்தால் அந்தோனியார் குப்புற விழுவார் என்று நியாயமாகச் சொன்னேன். அதன்பின் அவருடைய தாயாரின் உயரத்தையும் குறிப்பிட்டது உண்மை. அதன்பின் அவர் முழங்கையால் என் இடக்கண்ணில் இடித்துவிட்டுப் படியால் மேலே ஓடினார்.

விழுந்து கிடந்தபடி மேலே பார்த்தேன். நீலச் சேட்டுடன் இருவர் ஓடினர். மேல்மாடியில் நீலச் சேட் உள்ள மற்ற ஆள் றொஹான்தான். கலியாணத்தில் ஆட அவர் கேட்ட பைலாப் பாட்டுக்காரர் வேண்டாம் என்று நான் சொன்ன கோபம் என எண்ணி, அவர் பெயரையும் கொடுத்தேன். "நான் தனியத்தான் அடிச்சனான், ரெண்டு பேர் தேவைப்படேல்லை" என்று சந்திரகுமார் இங்கே சொன்னாராம். கூட்டாளியைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன்.

அதன்பின் சாமினி ஆஸ்பத்திரிக்கு வந்து, பிளாஸ்கை வைத்துவிட்டு உடனே திரும்பிப் போனாள். எனக்கு அழுகை வந்தது. மூக்குச் சீறக்கூடாது என்று டொக்டர் மர்லியா சொல்லியிருந்தும் சீறினேன். காற்றுக் கண்குழிக்குள் புகுந்து இமை மீன் அடைத்த மாலுபணிஸ் போல வீங்கியது.

வீக்கம் வற்றிய பின் டொக்டர் ஒரு பேனையை என் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல உயர்த்தினார். நேரே ஒரு பேனை, மேலே போனதும் இரண்டு. "அங்கிள், ஒங்கட கண்குழிக்கு அடியில உள்ள எலும்பு வெடிச்சி, தசை அதுக்குள்ள சிக்கியிருக்கு. வலக்கண் மேல போகுது, இடக்கண் போகுதில்ல. மேல பார்த்தா எல்லாம் ரெண்டாத்தான் தெரியும்" என்றார்.

நான் நம்பவில்லை. அதன்பின் என் மனைவி மேபல் அந்தோனியார் படத்தை உயர்த்திப் பிடித்தார். இரண்டு அந்தோனியார், இரண்டு குழந்தை இயேசு. படியில் ஓடியது ஒரே சந்திரகுமார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "இஞ்சாருங்கோ, றொஹான் அந்த நேரம் என்னோட மெழுகுதிரி கொழுத்திக்கொண்டு நிண்டவன். நான் சொன்னா நீங்கள் கேட்டாத்தானே" என்றார் மேபல்.

இன்று காலை கூட்டுக் கம்பிக்கு அப்பால் றொஹானை நேரே பார்த்தேன். ஒருவராகவே தெரிந்தார். "மாமா, உங்களுக்கு அடிச்ச அந்த ரெண்டாவது ஆளைப் பிடிச்சிட்டாங்களோ?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தயவுசெய்து அவரை விட்டுவிடவும்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே கலியாணம் வந்தால், பீடம் படிகளுக்கு மேலே இருப்பதால், எனக்கு இரண்டு மாப்பிள்ளைகள் தெரிவர். அவர்களில் எவர் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை.

நான் சொன்ன யாவும் உண்மை. எழுதியதைத் தாழ்த்திப் பிடித்து நானே வாசித்தேன். ஒவ்வொரு வரியும் ஒன்றாகவே தெரிந்தது.

(ஒப்பம்) செ. இராஜநாயகம்