கொழுப்பு யாருக்கு?

தண்ணி குடிக்கலாமாம் சார், தண்ணி! பெரிய மனசு பண்ணி அதுக்கு மட்டும் அனுமதி குடுத்திருக்காங்க. நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணியைத் தவிர ஒண்ணும் பல்லுல படல. நான் பேக்கரிக்காரன் சார். விடியக்காலையில அடுப்பைத் திறந்தா பன்னு வாசனை மூஞ்சியில வந்து மோதுது. நான் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன். எவனாவது பார்த்தா நம்ம சரக்கு கெட்டுப் போச்சுன்னு நினைக்க மாட்டான்?

உங்களுக்கு ரத்தம் எடுத்து முடிஞ்சிருச்சு போல? கையை மடக்கி வச்சிருக்கீங்களே. பஞ்சை நல்லா அழுத்திப் பிடிங்க. உடனே எந்திரிக்கக் கூடாது, கொஞ்ச நேரம் இந்த நாற்காலியிலயே உட்காரணும், அதோ சுவத்துல போட்டிருக்கான் பாருங்க. நல்லதாப் போச்சு, எனக்கும் பேச்சுத் துணையாச்சு.

என் நம்பரா? வரும், வரும். நமக்கென்ன அவசரம்... ஏம்மா, கைக்குழந்தையை வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, நீங்க முன்னாடி போங்க. அட போங்கம்மா, நான் அப்புறம் போறேன். பார்த்தீங்களா சார், மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?

எங்க விட்டேன்... ஆங், பட்டினி. இதெல்லாம் எதனாலங்கிறீங்க? எம் பொண்ணாலதான். பதிமூணு வயசு. வீட்ல நண்டுன்னு கூப்பிடுவோம், ஒரு இடத்துல நிக்காது. ஆளைப் பார்த்தீங்கன்னா ஊசியில கோத்த நூல் மாதிரி இருப்பா. பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம்னா முதல் ஆளு அவதான். காலு எப்படியோ அப்படித்தான் வாயும். ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது வார்த்தை திருப்பிக் குடுப்பா.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துலேருந்து போன். பிள்ளைங்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களாம், அது எனக்குத் தெரியாது சார். வீட்ல கையெழுத்துப் போட்டது அவ அம்மா. நான் அடுப்படியில நிக்கிறேன், மாவு பிசையுற மெஷின் கடகடன்னு ஓடுது. போன்ல ஒரு அம்மா, 'உங்க பொண்ணுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகமா இருக்கு, வந்து பாருங்க'ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. ஒரு தகப்பன்கிட்ட இப்படிச் சொன்னா அவன் என்ன நினைப்பான்?

நான் சொன்னேன், 'தெரியும்மா, வீட்லயும் அப்படித்தான். நான் அடக்கி வைக்கிறேன்'னேன். அந்தம்மாவும் 'ஆமா சார், இப்பவே அடக்கிட்டா நல்லது'ன்னாங்க! சொன்னாங்க சார்! நான் என்ன கனவா கண்டேன்?

சாயங்காலம் வந்தவளை நிறுத்தி வச்சு, டீச்சர்கிட்டயே கொழுப்பைக் காட்டுறியா, இனிமே ஓட்டமும் கிடையாது ஆட்டமும் கிடையாது, பேசாம வீட்ல உட்காருன்னுட்டேன். அவ, 'நான் என்ன பண்ணேன், நான் என்ன பண்ணேன்'னு கத்துறா. அதுவே கொழுப்புதானேன்னேன். உட்கார்ந்தா. சோபாவுல, போனும் கையுமா. தொட்டுக்க நம்ம கடை பிஸ்கட்டு. மீந்தது தினமும் வீட்டுக்குத்தானே வரும், வீசவா முடியும்?

இப்படி ரெண்டு வாரம். அப்புறம்தான் பள்ளிக்கூட டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். போனதும் கையைக் கட்டிக்கிட்டு, 'மன்னிச்சிருங்கம்மா, ஓடுறதையே நிறுத்திட்டேன், இப்பக் கொழுப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கு'ன்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. ஓடுறதை ஏன் நிறுத்தினீங்கன்னாங்க. அது வாய்க்கொழுப்பு இல்ல சார். ரத்தத்துல இருக்கிற கொழுப்பு!

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, பஞ்சு நழுவாமச் சிரிங்க.

அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க விசாரணை. போலீஸ்காரன் தோத்தான். பிள்ளை என்ன திங்குது, எப்பத் தூங்குது, தலைமாட்டுல போன் இருக்கா, வீட்ல யார் சிகரெட் பிடிக்கிறது... நான் கடைக்குப் பின்னால நின்னுதாம்மா பிடிக்கிறேன்னேன். அப்படியே வந்து பிள்ளை பக்கத்துல உட்காருவீங்களான்னாங்க. உட்காராம? என் வீடு, என் பிள்ளை! சட்டையிலயும் மூச்சிலயும் ஒட்டிக்கிட்டு வருமாம் சார் அது. உப்பு எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவுன்னு எங்கிட்டயே கேக்குறாங்க. பேக்கரிக்காரன்கிட்ட வெண்ணெயைக் கணக்குக் கேட்டா மீன்காரன்கிட்ட நாத்தத்தைக் கணக்குக் கேட்ட மாதிரி இல்ல?

எல்லாத்தையும் கேட்டுட்டு, ஆனா இவ்வளவு ஒல்லியா, இவ்வளவு ஓடுற பிள்ளைக்கு இந்த அளவு ஏறியிருக்குன்னா சாப்பாடு மட்டும் காரணமா இருக்காதுன்னாங்க. குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல நெஞ்சு வலின்னு...

எங்கண்ணன் சார். நாப்பதுகூட ஆகல. பஸ்ஸுக்குக் காத்திருந்தவன் அப்படியே பக்கத்துல இருந்தவர் தோள்ல சாஞ்சிட்டான். தூங்குறான்னு நினைச்சு அவரும் ரொம்ப நேரம் அசையாம உட்கார்ந்திருந்தாராம். நல்ல மனுசன்.

திடீர்னு வந்திருச்சும்மான்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். திடீர்னு இல்லைங்க, பள்ளிக்கூடம் போற வயசுலயே படிய ஆரம்பிச்சிருக்கும்னாங்க. எனக்குப் புரியுது சார், புரியாம என்ன. பன்னு சுடுற தட்டுல எண்ணெய் தடவுறோம். முதல்ல ஒண்ணும் தெரியாது, பளபளன்னுதான் இருக்கும். நாள்பட நாள்படக் கறுத்துக் கெட்டியாகி, கடைசியில சுரண்டினாலும் வராது. தடவின அன்னிக்கே தொடைச்சிருந்தா ஒரு துணி போதும். 'அதேதான்'னாங்க அந்தம்மா.

ஆனா பள்ளிக்கூடம் போற வயசுலயாம்! அந்த வயசுல அவன் எப்படி இருப்பான் தெரியுமா? மாடிப்படிக் கைப்பிடியில உட்கார்ந்து சறுக்கிக்கிட்டு வருவான். நான் கீழ நின்னு பிடிப்பேன். ரெண்டு பேரும் உருண்டு போய் விழுவோம். அப்படிச் சிரிச்சவனுக்குள்ள ஒண்ணு சத்தமே இல்லாம ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. என்ன நியாயம் சார் இது...

ஏங்க, அந்தப் பெரியவர் நம்பர் எனக்கு அப்புறமா? ஐயா, நீங்க போங்க! வயசானவங்க ரொம்ப நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. போங்க, போங்க.

ஆமா, டாக்டரம்மா என்னையும் ரத்தம் குடுத்துப் பார்க்கச் சொன்னதும் முன்னாடியும் வந்தேன். ஒரு தடவை, ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். மீசையில என்னன்னாங்க. கிரீம்! ருசி பார்த்தது சாப்பாட்டுல சேருமா சார்? தொழிலு! திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை இதே மாதிரி எல்லாருக்கும் வழி விட்டேன் பாருங்க, கடைசியில ரத்தம் எடுக்குற நேரமே முடிஞ்சு போச்சு. மருந்துக்கடையில ஒரு பிளாஸ்திரி வாங்கி முழங்கை மடிப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த நண்டு நேரா வந்து அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு, ஊசி குத்துன ஓட்டை எங்கப்பான்னு கேட்குது!

இப்பக் கோபம் சார். நீ ஓடலாம், டாக்டரம்மாவே ஓடச் சொல்லிட்டாங்கன்னு கெஞ்சுறேன். மாட்டேங்கிறா. 'நீங்கதானே நிறுத்தினீங்க? நீங்க போய் ரத்தம் குடுங்க, அன்னிக்கு ஓடுறேன்'ங்கிறா. சோபாவை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறா. போட்டி வேற நெருங்குது. அவ ஷூவைத் தொடைச்சு வாசல்ல வச்சிருக்கேன். தாண்டிக்கிட்டுப் போறா சார், தாண்டிக்கிட்டு.

ஊசிக்குப் பயமா? சேச்சே. நானா? அடுப்புல சுட்டுக்காத விரல் எங்கிட்ட ஒண்ணு கிடையாது.

அது இல்ல சார். அவளுக்கு மூக்கு எம் மூக்கு. கோபம் அவ அம்மாது. ஓட்டம் எங்கண்ணனோடது. இதெல்லாம் வீட்ல பெருமையாப் பேசிக்குவோம். இதுவும் எங்கிட்டேருந்துதான் போயிருக்குன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டாங்கன்னா... இப்ப வரைக்கும் அவ ரத்தத்துல இருக்கு, அவ்வளவுதான். யார் குடுத்ததுன்னு தெரியாது. தெரியாமலே இருந்துட்டா யாருக்கு என்ன நட்டம்?

தெரியும் சார். அப்படிப் பார்க்காதீங்க. தெரிஞ்சாத்தான் மருந்தா பத்தியமான்னு அவளுக்கு முடிவு பண்ண முடியும்னு அந்தம்மாவும் சொன்னாங்க. எனக்கு இருந்தா எனக்குமே வைத்தியம் பார்க்கணுமாம்.

சரி... ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே? உங்க பஞ்சு. உங்களுக்கு ரத்தம் நின்னிருக்கும். அதுல ஒரு பொட்டுச் சிவப்பு இருக்குமில்ல? அதைக் குடுத்தீங்கன்னா இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவகிட்டக் காட்டி... போட்டி முடியட்டும், அப்புறம் நானே வந்து...

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? வெளிய போற வழி இந்தப் பக்கம். அங்க எங்க போறீங்க, அது சிஸ்டர் நிக்கிற இடம். என்ன சொல்றீங்க அவங்ககிட்ட? ஏன் என்னைக் கை காட்டுறீங்க? இவ்வளவு நேரம் எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுசன்...

இல்லம்மா, அவர் சும்மா சொல்றாரு, நான் வழியெல்லாம் விடல... ஆமா, என் நம்பர்தான். சாப்பிடல. மீசையைப் பாருங்க, சுத்தமா இருக்கு.

வர்றேன். சட்டையை நானே மடிச்சு விட்டுக்கிறேன். இடது கையில எடுங்கம்மா, வலது கை மாவு பிசையுற கை.

எடுத்தாச்சா? இவ்வளவுதானா?

எப்பத் தெரியும்மா? வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுவீங்களா? வேண்டாம். என்ன வந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்.