முதல் பந்திக்குப் பதினான்கு இலை

மரவள்ளிக்கிழங்கில் பாயசம் வைக்கும்போது ஏலக்காயைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போட வேண்டும், அய்யா. இல்லாவிட்டால் கிழங்கு வாடை போகாது. ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட வித்தை அது. ஆனால் என் மகன் பாலனின் கல்யாணத்துக்கு நான் கிழங்கைத் தொடவே இல்லை. அசல் பச்சரிசிப் பாயசம். அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன். காப்பி ஆறுவதற்குள் குடியுங்கள்.

இந்த காஜா பெராங் சாலையில் என் கணவர் ஏகாம்பரத்துக்குப் பதினான்கு மாட்டுவண்டிகள் இருந்தன. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் மாட்டுவண்டி வைத்திருப்பவர்தான் ராஜா. வண்டியோட்டிகள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அறைகளில், குடியிருந்தார்கள். நடுவே ஒரு முருங்கை வேலி. நல்லது கெட்டது என்றால் முதல் பந்தி உறவுக்காரர்களுக்கு, இரண்டாவது சாலையிலுள்ள பெரிய குடும்பங்களுக்கு. மிஞ்சுவதைப் பொட்டலம் கட்டிப் பின்வாசல் வழியாக லயத்துக்குக் கொடுத்துவிடுவோம். யாரும் குறை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

நாற்பத்து மூன்றில் அரிசிப் பஞ்சம். லயத்துப் பிள்ளைகளுக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் வீட்டில் உள்ளறைத் தரையைத் தோண்டி எட்டு மூட்டை வைத்திருந்தோம். திருடியது அல்ல, அய்யா, முன்யோசனை. முன்யோசனைக்கும் இடம் வேண்டுமே. லயத்துத் தரை ஆள் படுப்பதற்கே போதாது.

அப்போதுதான் என் கணவரின் சித்தப்பா மகன் சேதுராமன் வந்தார். ஜப்பான்காரர்களின் அலுவலகத்தில் குமாஸ்தா.

"அண்ணி, சயாமுக்கு ரயில் பாதை போட நம்ம சாலையில பதினாலு பேர் கேக்குறாங்க. லிஸ்ட்டுல நம்ம பாலன் பேரும் இருக்கு."

"அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம், தம்பி."

"ஜப்பான்காரனுக்குப் பேரு முக்கியமில்ல அண்ணி, தலைதான் முக்கியம். வேற பதினாலு தலை கிடைச்சா பேர நான் மாத்திக்கிறேன்."

பாலனை நீங்கள் பார்த்ததில்லை. மழையில் நனைந்தால் மூன்று நாள் இருமுவான். சயாமுக்குப் போனால் ஒரு வாரம் தாங்கமாட்டான். வண்டியோட்டிகளுக்கோ வெயிலும் மழையும் பழக்கம். யாரால் தாங்க முடியுமோ அவர்கள் போவதுதானே நியாயம்? சாலையில் இருந்த மற்றப் பதின்மூன்று தாய்மார்களும் லிஸ்ட் மாறியதும் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். எப்படி மாறியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களையும் விசாரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சிக்கல் இருந்தது. ஆள் பிடிக்க வரும் லோரிச் சத்தம் கேட்டாலே வண்டியோட்டிகள் வேலி தாண்டி, பத்து பெரெண்டாம் என்ற ஊரின் ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வெற்றிலைத் தட்டோடு நானே லயத்துக்குப் போனேன்.

வண்டியோட்டி கணேசமூர்த்தியின் பெண்சாதி அஞ்சலை வாய்க்காரி. "என்னம்மா, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றாள்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தேன். ஆம்பளைங்க பதினாலு பேரும் முதல் பந்தியில உக்காரணும். சம்பந்திக்கெல்லாம் அப்புறம்தான்."

"அடியாத்தே! அம்மாவுக்கு யாராச்சும் மந்திரிச்சு விடுங்கடி" என்று அவள் சொல்ல, லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. மனசு லேசாக இருந்தது.

கல்யாணம் மிக நன்றாக நடந்தது, அய்யா. மணப்பெண் மீனாச்சி கிளி மாதிரி இருந்தாள். தாலி ஏறியதும் கூடத்தில் பதினான்கு இலை போட்டேன். உஜோங் பாசிரிலிருந்து வந்த சம்பந்தியம்மா நாகம்மா முகத்தைச் சுளித்தார். "இவங்க உழைப்பில்லாம இந்த வீடு ஏது, சம்பந்தி?" என்றேன். சபையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கணேசமூர்த்தி இலையில் விழுந்த வெள்ளைச் சோற்றைக் கும்பிட்டு, "சோறே, நான்தான் கணேசமூர்த்தி. பாத்து ரொம்ப நாளாச்சு, அடையாளம் தெரியுதா?" என்றான். பந்தியே குலுங்கியது. அத்தனை சந்தோஷத்தை இந்த வீடு அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆனால் பதின்மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியோட்டி பொன்னுதுரை கிழங்கு வாங்க செங் ஊர்ப் பக்கம் போனவன் திரும்பவில்லை. வாசலில் நின்ற சேதுராமன் என்னைப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று ஒரு விரலைக் காட்டினார்.

அந்த நேரம் தம்பிராஜா தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தான். அவன் வண்டியோட்டி இல்லை, வீட்டு ஆள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பாலனுக்கு நடை பழக்கியதும், பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனதும் அவன்தான்.

"நீயும் உக்காரு" என்றேன்.

"நான் எப்பவும் போல சமையக்கட்டுல சாப்புட்டுக்கிறேம்மா."

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இருபது வருடத்தில் அவனைத் தொட்டதில்லை. "உக்காருங்க, தம்பிராஜா" என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மணமேடையில் இருந்த பாலனை ஒரு தரம் பார்த்தான். கண் கலங்கியது. உட்கார்ந்தான்.

கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக. தாலி கட்டும்போது ஒரு தரம் கொட்டியாகிவிட்டது. பாயசம் பரிமாறும்போது இன்னொரு தரம் கொட்டச் சொல்லி மேளக்காரர்களிடம் முன்பே பேசியிருந்தேன். லோரி வாசலுக்கு வந்தது யாருக்கும் கேட்கவில்லை. பாயசம் இலையில் இருக்கும்போது யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்று சேதுராமனிடம் இடமும் நேரமும் சொல்லி அனுப்பியது நான்தான். அவர் தலையில் மட்டும் பழியைப் போடாதீர்கள். சிப்பாய்களிடம்கூட, கை கழுவ விட்டுக் கூட்டிப்போங்கள் என்று கேட்டேன். விடவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

லோரி போனதும் புது இலை போட்டு சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்தோம். சாப்பாடு ஆறவில்லை.

தம்பிராஜாவையும் தவறுதலாகப் பிடித்துவிட்டார்கள் என்று பாலன் மூன்று வருடம் நம்பினான். போன மாதம் கணேசமூர்த்தி ஒருவன் மட்டும் சயாமிலிருந்து, ஒரு காலோடு திரும்பி வந்தான். என்னிடம் வரவில்லை. பாலனிடம்தான் பேசினான். அன்றைக்கே பாலன் மீனாச்சியைக் கூட்டிக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போய்விட்டான். இரண்டு தரம் சாப்பாடு கொடுத்தனுப்பினேன். தூக்குச்சட்டி திறக்காமலே திரும்பி வந்தது. கோபம் தணிந்தால் வருவான். உயிரோடு இருப்பதால்தானே கோபப்பட முடிகிறது?

கணேசமூர்த்தி உங்களிடம் எழுதிக் கொடுத்ததில் எல்லாம் சரி, அய்யா. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். குழாயடியில் லோரி நிற்பதைத் தம்பிராஜா முன்பே பார்த்துவிட்டானாம். தான் உட்காராவிட்டால் பாலனை ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தானாம். சயாமில் சாவதற்கு முன்னால் சொன்னானாம்.

அது உண்மையாக இருக்க முடியாது. அவன் முகத்துக்கு நேரே நின்றவள் நான். அவன் வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான் ஒருவர் அவனை மரியாதையாக உட்காரச் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் கண் கலங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.