நடுவானத்து ஈரம்

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியசாமி ஐயா அவர்களே, முனைவரின் கணவர் அறிவரசன் அவர்களே, குன்னத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, தாய்மார்களே! நம் உழவர் சங்கத்தின் செயலாளராக உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அந்த மைக்கைக் கொஞ்சம் குறைங்கப்பா, இரையுது.

வானிலை அறிஞர், முனைவர் வெற்றிச்செல்வி அவர்களைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. சாகிற வயதா அது? இனி நாம் யாரைப் போய்க் கேட்பது?

நம்முடையது மானாவாரிக் கரிசல். மக்காச்சோளத்தை மழைக்கு முன்பே புழுதியில் போட்டுவிட வேண்டும். பெரிய மழை விழுந்துவிட்டால் சேற்றில் டிராக்டர் இறங்காது. முந்திப் போட்டு, வெறும் தூறலோடு நின்றுவிட்டாலோ முளைத்தது கருகிப்போகும். அதனால் நாம் என்ன செய்தோம்? புழுக்கம் கூடினால் மழை என்றோம், மேற்கே கறுத்தால் விதையைப் போட்டோம். எத்தனை முறை ஏமாந்தோம்!

முனைவர்தான் வந்து காரணம் சொன்னார். "கீழ வேர்த்து ஊத்துனா மட்டும் பத்தாதுங்க. மேகம் ஏறுற வழியில நடுவானம் காய்ஞ்சு கெடந்தா, அந்தக் காத்து பக்கத்துல பூந்து மேகத்தையே குடிச்சிரும். அங்கயும் ஈரம் இருந்தாத்தான் மேகம் ஒசந்து மழையாக் கொட்டும்" என்றார். கீழிருந்து மேல்வரை ஈரத்தைப் பார்த்து, தினமும் சாயங்காலம் நம் செல்போனுக்குக் குரல்பதிவு அனுப்பினார். பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம்? டீ வாங்கிக் கொடுத்தோம்!

போன ஆவணியில், "நடுவானம் காய்ஞ்சிருக்கு, விதைக்காதீங்க" என்றார். செட்டிகுளம் பாப்பாயி அக்கா வந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். மறுநாளே கடல் பக்கத்து ஈரக்காற்று புகுந்து மழை பிய்த்து உதறியது. சேறு காய்வதற்குள் பருவம் போனது.

அக்கா சங்க ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்தினார்: "ஒம் பேச்சக் கேட்டுத்தானே காட்டத் தரிசாப் போட்டேன்! நீ நல்லாருப்பியா?" வேறொருவராக இருந்தால் பின்பக்கமாக நழுவியிருப்பார். முனைவர் என்ன செய்தார் தெரியுமா? வெளியே வந்து எதிரே நின்றார். "நான் சொன்னது தப்புதாங்க்கா. மேல ஈரம் வந்தத நான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்றார். அன்றைய குரல்பதிவிலும் அதையே எல்லோருக்கும் சொன்னார். பாப்பாயி அக்கா அதைக் கேட்டுவிட்டு அழுதார். "மழைய தப்பாச் சொன்னவங்க நெறையப் பேரு. தப்புன்னு ஒத்துக்கிட்டவ நீ ஒருத்திதாம்மா" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு பதிவையும் முனைவர் மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் முடித்தார். உறுதியாச் சொல்றேன் என்பார். பாதிக்குப் பாதிதான் என்பார். இல்லையென்றால், "எனக்குத் தெரியலைங்க, விதைய மூட்டையிலயே வைங்க" என்பார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லத் துணிந்ததால்தான் மற்ற இரண்டையும் நாம் நம்பினோம்.

இப்போது வெளியே பாருங்கள். உடம்பெல்லாம் கசகசக்கிறது. மேற்கே மேகம் கறுத்து நிற்கிறது. மாலை போட வந்த இடத்திலேயே நாலு பேர் என் காதைக் கடித்துவிட்டார்கள், "விதைக்கலாமா?" என்று. வெட்கமாக இல்லையா என்று திட்டத்தான் வாய் வந்தது. ஆனால், அவர் உயிரோடு இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். பதில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்.

அவரோடு வேலை பார்த்த அனிதா அவர்கள் அடுத்த வாரம் முதல் பதிவு அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குத் துணை நிற்போம். முனைவரின் படத்துக்கு முன்னால் சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன்: தெரியாததைத் தெரிந்ததுபோல் நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம்.

அடுத்த வாரம்வரை பதில் சொல்ல ஆள் வேண்டுமே! இன்றைய பதிலை நானே சொல்லிவிடுகிறேன். பாப்பாயி அக்கா, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியலைங்க. விதைய மூட்டையிலயே வைங்க.